காயல்பட்டினத்துக் கணினியில் என் அப்பாவின் குரல்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதைப் பார்த்தாலும் அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லிக் கை அரிக்கும் ஒரு வயது உண்டு. சிலருக்கு அது ஏழெட்டு வயதில் வந்து, வீட்டு ரேடியோவோடு போய்விடும். எனக்கு இருபத்து மூன்றில், கம்ப்யூட்டர் பட்டத்தோடு சேர்ந்து வந்தது. அகப்பட்டது என் சொந்தக் கணினியாக இருந்திருந்தால் ஊருக்குத் தெரியாமல் போயிருக்கும். அகப்பட்டது மீரான் காக்காவின் பிழைப்பு.

மீரான் காக்காவுக்குக் காயல்பட்டினம். (அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நான் பாளையங்கோட்டைச் சைவப்பிள்ளை வீட்டுப் பையன்; ஆனாலும் அவர் எனக்குக் காக்காதான்.) துபாயில் வேலை பார்த்தவர். விடுமுறைக்கு வந்த இடத்தில், நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த கணினிப் பயிற்சி நிலையத்துக்கு வந்து, இணையம் என்றால் என்னவென்று விசாரித்தார். விசாரித்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லாமல் போய்விட்டது. ஊரில் வீட்டுக்கு ஓர் ஆள் வளைகுடாவில் இருக்கிறான்; கடிதம் வந்து சேரப் பத்துப் பதினைந்து நாளாகிறது; அங்கேயே ஓர் இணையக் கடை போட்டால் என்ன என்று கேட்டார். தொண்ணூறுகளின் கடைசியில் அதைவிட நல்ல யோசனை எங்கள் பக்கத்தில் யாருக்கும் வரவில்லை.

இடைஞ்சல் மாமனார். காயல்பட்டினத்து வழக்கப்படி கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். ஆகவே அந்த வீட்டில் மாமனார் வைத்ததுதான் சட்டம். அவரை ஊரே ஹாஜியார் என்று அழைத்தது. ஆண்பிள்ளை என்றால் கடல் தாண்டிச் சம்பாதிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் மகன் யூசுப் ஜித்தாவில் இருந்தான். மருமகன் மட்டும் வீட்டு முன்னறையில் பெட்டியைத் தட்டிக்கொண்டு உட்காருவதா என்று கேட்டார். மகள் ஆயிஷா லாத்தா (அக்காவுக்கு அங்கே லாத்தா) அழுது பார்த்தார், சாப்பிடாமல் கிடந்து பார்த்தார். கடைசியில் ஹாஜியார் ஒரு படி இறங்கி வந்தார்.

"தொறப்பு விழா அன்னைக்கு, ஜித்தாவுல இருந்து யூசுப் எழுதுறது எங் கண்ணு முன்னால இந்தப் பெட்டியில வரட்டும் மாப்ள. வந்தா நீங்க இங்கனயே இருங்க. வரலேன்னா வெள்ளிக்கிழம விமானம் ஏறிருங்க" என்றார்.

விசா முடிய இருந்ததால் பயணச்சீட்டும் எடுத்து வைத்தாகிவிட்டது. திறப்பு விழா வியாழக்கிழமை. காக்காவின் கைக்குழந்தைக்கு அப்போதுதான் வாப்பாவை அடையாளம் தெரிய ஆரம்பித்திருந்தது. இவ்வளவும் தெரிந்த பிறகும் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

கடையில் நான்கு கணினிகள், ஒரே தொலைபேசி இணைப்பு. அந்த ஒற்றை இணைப்பை நான்குக்கும் பங்கு வைக்க ஐந்தாவதாக ஒரு கணினி. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளம். கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டிலிருந்து நானே ஏற்றினேன், ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதோடு கையைக் கழுவிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் அது கண்விழிக்க எடுத்துக்கொண்ட நேரம் எனக்குப் பிடிக்கவில்லை.

கணினி எழுந்ததும் லினக்ஸ் முதலில் கூப்பிடும் ஆளுக்கு 'இனிட்' என்று பெயர். மற்ற எல்லோரையும் எழுப்பி வேலைக்கு அனுப்புவது இனிட்டின் பொறுப்பு. கல்யாண வீட்டில் சமையல் நடக்கும் ஆக்குப்புரைக்குத் தலைமைச் சமையல்காரரான தவசிப்பிள்ளை எப்படியோ அப்படி. குறுந்தகட்டில் வந்த இனிட் பழைய காலத்துத் தவசிப்பிள்ளை. முதலில், கோப்புகள் எல்லாம் இருக்கும் வட்டை, அதாவது ஹார்ட் டிஸ்கை, சோதிப்பார். அது முடிந்த பிறகுதான் வட்டை இணைப்பார். பிறகு வலையமைப்பு, பிறகு தொலைபேசி வழியாக இணையத்தைக் கூப்பிடும் மோடம். ஒவ்வொன்றும் முடிந்ததும் திரையில் 'ஓகே' என்று போடுவார். போட்ட பிறகுதான் அடுத்தது. நாம் தெருமுனைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் பாதிதான் முடிந்திருக்கும்.

நான் என்ன நினைத்தேன் என்றால், ஏன் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும்? அடுப்பு மூட்டுகிறவர், அரிசி களைகிறவர், இலை போடுகிறவர், பந்தியில் உட்காருகிறவர் எல்லோரையும் ஒரே விசிலில் கிளப்பிவிட்டால் சாப்பாடு எவ்வளவு சீக்கிரம் முடியும்! (எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. எந்தக் கல்யாணத்திலும் ஒரு வேலையும் செய்ததில்லை.) ஆகவே பழைய இனிட்டை எடுத்துவிட்டு, சொந்தமாக ஒன்று எழுதினேன். ஒரே பக்கம். அத்தனையையும் ஒரே நேரத்தில் தொடங்கும். எவனாவது செத்து விழுந்தால் அந்த நொடியே மறுபடி எழுப்பி நிறுத்தும். அசந்து மறந்துகூட யாரும் ஓய்வெடுக்க முடியாது.

பழையதில் இருந்த சில விஷயங்கள் புதியதில் இல்லைதான். ஒருவன் எழுப்ப எழுப்ப விழுந்துகொண்டே இருந்தால், பழைய இனிட் 'இவனுக்கு உடம்பு சரியில்லை' என்று கொஞ்ச நேரம் விட்டுவிடும். கடையை மூடும்போது ஒவ்வொருவரிடமும் சொல்லி, கணக்கு முடித்து, வட்டைக் கழற்றி வைத்துவிட்டு விளக்கை அணைக்கும். நான் மூடுவதற்கு என்று எதுவும் எழுதவில்லை. சுவரில் சுவிட்ச் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

காக்காவிடம் காட்டினேன். கணினி சட்டென்று எழுந்து நின்றது.

"பழசு நல்லாத்தான தம்பி ஓடிச்சு?" என்றார்.

"அது நடந்துச்சு காக்கா. இது பறக்கும்."

"பறக்கட்டும். கீழ எறங்குமா?"

நான் சிரித்தேன். வளைகுடாவுக்குப் போய்வந்தவர், விமான ஞாபகத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். போதாக்குறைக்குப் பழைய இனிட்டை அழித்தும்விட்டேன். திரும்பி ஓட வழி வைத்துக்கொண்டால் அது என்ன வீரம்!

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மோடம் சரியாக எண் சுழற்றுகிறதா என்று பார்க்க, ஆரம்பத்தில் பாளையங்கோட்டையில் இருந்த எங்கள் வீட்டு எண்ணைத்தான் அதில் எழுதியிருந்தேன். அம்மா எடுத்து 'அலோ' என்றால் மோடம் வேலை செய்கிறது என்று பொருள். பிறகு இணைய நிறுவனத்தின் எண்ணை வட்டின் இரண்டாம் பகுதியில் ஒரு கோப்பில் வைத்தேன். அந்தக் கோப்பு கிடைத்தால் இணையத்துக்குப் போகும். கிடைக்காவிட்டால் பழையபடி எங்கள் வீட்டுக்கு. கிடைக்காமல் போவதற்கு என்ன இருக்கிறது என்று அதை அப்படியே விட்டுவிட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம், வாசலில் சீரியல் விளக்குக் கட்ட வந்தவர் மெயினை அணைத்தார். கணினி ஓடிக்கொண்டிருந்தபடியே அணைந்தது.

வியாழன் காலை முன்னறை முழுக்க ஆட்கள். ஹாஜியார் நடுவில், வெள்ளைச் சட்டையில் அத்தர் வாசனையோடு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரைச்சீலைக்குப் பின்னால் ஆயிஷா லாத்தாவும் பெண்களும். தம்மடை, வாடா என்று அந்த ஊர்ப் பலகாரங்கள் தட்டுத் தட்டாகப் போய்க்கொண்டிருந்தன. ஜித்தாவில் யூசுப் தன் முதலாளியிடம் கெஞ்சி, அலுவலகக் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான். ஓதி முடித்ததும் காக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் சுவிட்சைப் போட்டேன்.

திரையில் எழுத்துகள் பறந்தன. அடுத்த கணம் மோடத்தின் ஒலிபெருக்கி எண்களைச் சுழற்றும் சத்தம். அந்தக் கால மோடத்தில் எதிர்முனை இணையும் வரை தொலைபேசியில் கேட்பது அத்தனையும் வெளியே கேட்கும்.

"இப்ப ஒரு கீச்சுச் சத்தம் வரும். வந்தா ஜித்தா வந்தமாதிரி" என்று சபைக்கு விளக்கினேன்.

மணி அடித்தது. எதிர்முனையில் எடுத்தார்கள்.

"அலோ!" என்றது மோடம்.

ஹாஜியார் முன்னால் குனிந்தார்.

"அலோ! யாரு பேசுதது? அலோ! என்னவே, பீப்பு பீப்புங்கு?"

அது என் அப்பா.

"யூசுபா அது?" என்றார் ஹாஜியார்.

"இல்ல மாமா" என்றார் காக்கா.

நடந்தது இதுதான். முந்தின நாள் மின்சாரம் திடுதிப்பென்று போனதால், அன்று வட்டைச் சோதிப்பதற்கு வெகுநேரம் பிடித்தது. பழைய இனிட்டாக இருந்தால் சோதனை முடியும்வரை மோடத்தைக் கிட்டே விட்டிருக்காது. என்னுடையதுதான் எல்லோரையும் ஒரே விசிலில் கிளப்புவதாயிற்றே. வட்டின் இரண்டாம் பகுதி இணைவதற்கு முன்பே மோடம் கோப்பைத் தேடிப் போய், கிடைக்காமல், எங்கள் வீட்டுக்கு எண் சுழற்றிவிட்டது. பந்திக்கு வந்தவர், அடுப்பே மூட்டாத நேரத்தில் இலையில் உட்கார்ந்த கதை.

அப்பா வைத்துவிட்டார். நான் மூச்சுவிட்டேன். மோடம் செத்தது. என் இனிட் அதை அந்த நொடியே எழுப்பி நிறுத்தியது. மறுபடியும் எண் சுழன்றது.

"ஏலே, யாருலே அது? வீட்ல வேல சோலி இல்லையாலே?"

மறுபடியும்.

"வைலே போனை, மூதி! பீப்பாம் பீப்பு!"

அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வகுப்பறையின் கடைசிப் பெஞ்சு வரைக்கும் குரலை அனுப்பிப் பழகியவர். அந்தக் குரல் முன்னறையைத் தாண்டித் தெருவுக்கும் போனது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். வீட்டுக்குள்ளே தம்மடை மெல்லுவதை எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள்.

நான் விசைப்பலகையைத் தட்டினேன். பதில் இல்லை. அங்கே வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலை செத்துப்போனால் அதற்கு யாராவது கடைசிக் காரியம் செய்ய வேண்டும். அப்போதுதான் அதன் இடம் காலியாகும். பெற்றவன் செய்வான். நாதியில்லாமல் செத்தால் இனிட் செய்ய வேண்டும். குறுக்குத்துறை ஆற்றங்கரையில் எள்ளும் தண்ணீரும் விடுகிற மாதிரி, முதல் ஆளுக்கு அது தலையாய கடமை. என் இனிட்டுக்குப் பெற்றுப்போட மட்டுமே தெரியும். வட்டு இணையாததால் இன்னும் சில வேலைகள் பிறந்த வேகத்தில் செத்துக்கொண்டிருந்தன. என் இனிட் அவற்றை விடாமல் எழுப்ப, காரியம் நடக்காத பிணங்கள் இடமெல்லாம் நிறைந்து, புதிதாக ஓர் ஆள் நுழைய வழியில்லை. நான் உள்ளே போகவே முடியவில்லை. மோடத்துக்கு மட்டும் எப்படியோ முதலிலேயே இடம் கிடைத்திருந்தது.

"ஏலே! ஒனக்கெல்லாம் அப்பன் ஆத்தா கெடையாதாலே?" என்றார் அப்பா.

நான் தரையைப் பார்த்தேன்.

"இருந்து என்ன பிரயோசனம்? ஒன்னப் பெத்தவன் என்ன பாவம் பண்ணுனானோ, அவன் தலையெழுத்து!"

"நியாயமாத்தான் கேக்குறாரு" என்றார் ஹாஜியார். "யாரு தம்பி இவரு?"

பொய் சொல்லியிருக்கலாம். தவறான எண் என்று சொல்லி முடித்திருக்கலாம். வாய் என்னமோ உண்மையைச் சொல்லிவிட்டது. "எங்க அப்பா" என்றேன்.

அறையில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். மூன்றே பேர் சிரிக்கவில்லை: நான், காக்கா, திரைக்குப் பின்னால் ஆயிஷா லாத்தா. காக்கா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யூசுபுக்கு அவன் முதலாளி கொடுத்த நேரம் கரைந்துகொண்டிருந்தது. நானோ ஒன்றும் பலிக்காத விசைப்பலகையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பெரியவரு பாவம்" என்றது திரைக்குப் பின்னாலிருந்து லாத்தாவின் குரல். அழுகை முட்டிக்கொண்டிருந்தது. "அந்த ஒயரப் புடுங்கித் தொலையுங்களேன்!"

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. புடுங்கினேன்.

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தார். அந்தக் கூடு மூடிய சத்தம் எனக்கு இப்போதும் பிடிக்காது. "மாப்ள, வெள்ளிக்கிழமைக்குப் பெட்டி கட்டிருங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. காக்கா ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. "வேற வழி ஏதும் இருக்கா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. பழைய இனிட்டை மறுபடி ஏற்றினால் போதும். ஆனால் அந்தக் குறுந்தகடு பாளையங்கோட்டையில், என் மேசை இழுப்பறையில் இருந்தது. காக்கா ஹாஜியாரிடம் சாயங்காலம் வரை தவணை கேட்டார். ஜித்தாவுக்குப் போன் போட்டு யூசுபிடமும் சொன்னார்கள். அடுத்ததாக நான் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தாக வேண்டும்.

செய்தேன். மணி அடித்த வேகத்தில் எடுத்தார்.

"ஏலே செத்த மூதி, மறுபடியுமா..."

"அப்பா, நாந்தான்."

"நீயாலே? காலையில இருந்து நீதானா?"

"நான் இல்லப்பா, கம்ப்யூட்டர்..."

"கம்ப்யூட்டருக்கு நம்ம வீட்டு நம்பரு யாருலே குடுத்தது?"

நான் அவசரமாகப் பேச்சை மாற்றினேன். குறுந்தகட்டை யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொன்னேன். "யாருட்டயும் குடுக்க மாட்டேன். நானே வாரேன். ஒம் மூஞ்சியப் பாக்கணும்" என்று வைத்துவிட்டார்.

திருச்செந்தூர் பாசஞ்சரில் வந்து இறங்கினார். வேட்டி சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் மஞ்சள் பையில் குறுந்தகடு. என்னைக் கவனிக்கக்கூட இல்லை. நேராக ஹாஜியாரிடம் போய்க் கும்பிட்டார்.

"பையனால ஒங்களுக்குச் சிரமம். மன்னிக்கணும்" என்றார்.

"உக்காருங்க சார். ஒங்க கொரல் எங்களுக்குக் காலையிலேயே பழக்கமாயிட்டு" என்றார் ஹாஜியார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. ஒலிபெருக்கியைப் பற்றி ஹாஜியார் விளக்கினார். தான் பேசியதைத் தெருவே கேட்டிருக்கிறது என்று தெரிந்ததும் அப்பாவின் முகத்தில் திருநீறு எது, முகம் எது என்று தெரியாமல் போய்விட்டது. "எல்லாமேவா?" என்றார். "ஒரு சொல்லு விடல்ல" என்றார் ஹாஜியார். அப்பா தண்ணீர் கேட்டார்.

பழைய இனிட்டை ஏற்றி, சுவிட்சைப் போட்டேன். அதே ஆமை வேகம். வட்டைச் சோதித்தது. ஓகே. வட்டை இணைத்தது. ஓகே. எனக்கு அவமானமாக இருந்தது. எவ்வளவு நேரம் இவர்களை உட்கார வைப்பது! ஆனால் ஹாஜியார் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்.

"இது என்ன தம்பி, ஒவ்வொண்ணுக்கும் ஓகே ஓகேங்குது?"

"செஞ்சு முடிச்ச வேலைய ஒண்ணொண்ணாச் சொல்லுது."

"அட!" என்றார். அடுத்த வரி வந்ததும் "ஓகே" என்று அவரே வாசித்தார். அதற்கடுத்த வரிக்குப் பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வலையமைப்பு வரும்போது முன்னறை முழுக்க ஓகே. மோடத்துக்கு அப்பாவும் சொன்னார், மெதுவாக. நான் அழிக்கத் துடித்த அந்தத் தாமதத்தைத்தான் அவர்கள் உட்கார்ந்து ரசித்தார்கள். என் இனிட்டைப் புரிந்துகொள்ள உலகத்தில் ஒரே ஓர் ஆளால்தான் முடியும்; அந்த ஆள் நான். இந்த மந்தமான கிழவரை அத்தனை பேருக்கும் புரிந்தது.

எண் சுழன்றது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். எதிர்முனையில் கீச்சுச் சத்தம் வந்தது. அப்படி ஒரு கைதட்டலை எந்த மோடமும் வாங்கியிருக்காது.

திரையில் ஆங்கில எழுத்துகளில் தமிழ் ஓடி வந்தது. ஹாஜியாருக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆயிஷா லாத்தாவை வரச் சொன்னார்; அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து நின்று வாசித்தார்.

"வாப்பா, காலையில இருந்து இந்த எடத்த விட்டு எந்திரிக்கல. சாப்டீங்களா?"

ஹாஜியார் திரையைத் தொட்டுப் பார்த்தார். "சாப்ட்டேன்னு சொல்லும்மா" என்றார். லாத்தா தட்டியதும் பதில் வந்தது. அதற்குப் பதில் போனது. கொஞ்ச நேரம் வாப்பாவும் மகனும் என்ன குழம்பு, என்ன மீன் என்றே பேசினார்கள். ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். பிறகு திரும்பாமலேயே சொன்னார்:

"மாப்ள, பாஸ்போர்ட்ட எடுத்து பீரோவுல வைங்க."

லாத்தா அதைத் தட்டெழுத்தில் அடிக்கப் போய், பாதியில் முடியாமல் உள்ளே ஓடிவிட்டார். அப்பா என் முகத்தைப் பார்க்க வந்தவர், அதை மறந்துவிட்டு வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்தார்.

ஹாஜியார் ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: அந்த ஐந்தாவது கணினிமேல் நான் விரல் வைக்கக்கூடாது. காக்கா கடை நடத்திய காலம் முழுவதும் அதைக் கண்டிப்பாகக் காப்பாற்றினார். நான் போனால் டீ கொடுத்து, அந்த மூலைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வைப்பார்.

வருடங்கள் போய்விட்டன. இப்போது லினக்ஸ் உலகத்தில் பெரும்பாலானவர்கள் வைத்திருக்கும் இனிட், வேலைகளை முடிந்தவரை ஒரே நேரத்தில்தான் தொடங்குகிறது. (யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்று அதற்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அந்தச் சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை.) அது வேண்டாம், பழையதுதான் வேண்டும் என்று ஒரு கூட்டம் மாற்று தேடி அலைகிறது. இரண்டு பக்கமும் இணையத்தில் அடித்துக்கொள்வதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ரகசியமாக ஒரு பெருமை உண்டு. போன பொங்கலுக்கு அதை அப்பாவிடம் சொல்லியும்விட்டேன். வீட்டில் மனைவி, பிள்ளைகள், குடும்பத்தோடு வந்திருந்த மீரான் காக்கா என்று எல்லோரும் இருந்தார்கள்.

"அன்னைக்கு நான் செஞ்சதத்தான்பா இன்னைக்கு உலகமே செய்யுது" என்றேன்.

அப்பாவுக்கு இப்போது காது மந்தம். ஆனால் இதெல்லாம் அவருக்கு நன்றாகக் கேட்கும்.

"செய்யட்டும்லே" என்றார். "அவனுவ எல்லாம் யாரு அப்பன் வீட்டுக்குப் போன் போடுதானுவன்னு மொதல்ல கேட்டுச் சொல்லு."